விடுபட்ட இடங்கள்

இருபத்தேழு வருஷம் ஒஷாவாவில்
கார்த் தொழிற்சாலையின் பெயின்ற் பகுதியில்
என் வேலை பிழை பிடிப்பது.
எட்டு ரியூப்லைட்டுக்குக் கீழே
சூடு ஆறாத கதவுகள்
நிமிஷத்துக்கு ஒன்றாய் வரும்.
கையுறையோடு தடவுவேன்.
ஒரு தூசி, ஒரு வழிசல்,
தோடம்பழத் தோல் மாதிரி ஒரு சொரசொரப்பு,
நிறம் விடுபட்ட நகக்கண் அளவு இடம்.
மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டால்
கதவு திரும்பிப் போகும்.
நல்ல நாள் என்றால்
நான் எதையும் காணாத நாள்.

ஓய்வெடுத்த பிறகும் விரல் ஓயவில்லை.
கலியாண மண்டபத்தில்
மேசை விளிம்பைத் தடவிப் பார்க்கும்.
மகள் வதனி சொல்லிவிட்டாள்:
"அம்மா, ஏதாவது வகுப்புக்குப் போங்கோ.
எங்கட வீட்டுச் சுவரை விடுங்கோ."

நூலகத்தின் கீழறையில்
செவ்வாய்தோறும் நீர்வண்ணம்.
பக்கத்து மேசையில் ஓய்வுபெற்ற பல் வைத்தியர்.
எந்த மரத்தை வரைந்தாலும்
கடைவாய்ப் பல்லாகத்தான் வரும், வேரோடு.
சொல்லித்தரும் டோரீன்
வதனியைவிட இரண்டு வயது மூப்பு.
முதல் நாள் நான் ஓர் ஆப்பிள் போட்டேன்.
மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு.
கனநேரம் பார்த்தாள்.
"இதற்கு நாலு சில்லு பூட்டினால்
நல்ல விலைக்குப் போகும்" என்றாள்.
வகுப்பில் முதலில் சிரித்தது நான்தான்.
பஸ்ஸில்தான் கோபம் வந்தது.

தை மாதம்.
வெளியே வாகனத் தரிப்பிடம் முழுக்கப் பனி.
பெட்டியில் வெள்ளையைத் தேடினேன்; இல்லை.
"பனியைத் தீட்ட ஏலாது" என்றாள் டோரீன்.
"அது ஏற்கெனவே தாளில் கிடக்கிறது.
மிதிக்காமல் சுற்றிப் போ."

சுற்றிப் போக எனக்குத் தெரியாது.
மூன்று கிழமை, பதினொரு தாள்,
ஒன்றிலாவது பனி விழவில்லை.
எல்லாம் நீலச் சேறு.
ஒரு துண்டு வெறுந்தாள் தெரிந்தாலே
மண்டைக்குள் யாரோ
மெழுகுப் பென்சில் சீவுகிற சத்தம்.

போன சனிக்கிழமை
குசினி மேசையில் இருந்துகொண்டு
எங்கள் காரைத் தீட்டத் தொடங்கினேன்.
பதின்மூன்று வயதுக் கார். அந்த நீலத்தின் இலக்கம்
இன்றைக்கும் எனக்குப் பாடம்.
பானட் முடித்துக் கூரைக்கு வரும்போது போன் வந்தது:
வருமான வரித் திணைக்களம் பேசுகிறதாம்,
ஒரு மணித்தியாலத்துக்குள் பொலிஸ் வருமாம்.
அந்தக் கள்ளனோடு பத்து நிமிஷம்
தமிழிலும் சேர்த்துச் சண்டை பிடித்தேன்.
வந்து பார்த்தால் தாள் காய்ந்திருக்கிறது.
கூரையில் பனி.

நான் வைக்கவில்லை.
கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்,
சாமி படத்துக்கு முன்னால்கூட
இவ்வளவு நேரம் நின்றதில்லை.

பிறகு அந்தத் துரு.
பின்சில்லுக்கு மேலே, உள்ளங்கை அளவில்.
செங்காவியில் ஒரு சொட்டு ஊதா,
ஓரத்தில் தேயிலைச் சாயம் மாதிரி.
இருபத்தேழு வருஷம் எதை அண்டவிடாமல் காத்தேனோ
அதை ஒரு பின்னேரம் முழுக்க
ஊட்டி ஊட்டி வளர்த்தேன்.
ஒரு துளி வழிந்து கதவு வரைக்கும் ஓடியது.
ஓடட்டும்.

குலசிங்கம் வேலையால் வந்து
கோட்டைக் கழற்றாமல் படத்தைப் பார்த்தார்.
நல்லாயிருக்கு என்றில்லை,
இல்லை என்றுமில்லை.
திரும்பச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு
வெளியே போனார்.
பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்தி
வெறும் விரலால் தடவுகிறார்,
நான் தடவுகிற மாதிரியே.

நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார்.
கண்ணாடிக்கு அப்பால் வாய் அசைகிறது:
"எப்ப தொடங்கினது இது?"

போன மாரி, என்கிறேன்.
அவருக்குக் கேட்காது.